மூளையின் அலைகளும் நோயின் பெயர்களும்

நரம்பியல் விஞ்ஞானியான தாரா தியாகராஜனும் அவருடன் பணியாற்றிய தன்யா பரமேஸ்வரனும் தமிழ்நாட்டில் 48 இடங்களைத் தேர்ந்துகொண்டு, வெளியுலகத் தொடர்பு அதிகமில்லாத குக்கிராமங்கள் தொடங்கி மாநகரங்கள் வரையில் வாழும் 402 பேரின் தலையில் கம்பியில்லாமல் இயங்கும் சிறு கருவியொன்றைப் பொருத்தி, அவர்கள் ஒரு வேலையும் செய்யாமல் அமைதியாக அமர்ந்திருக்கும்போது மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். அந்த 402 பேரில் நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகச் சம்பாதிப்பவர்களும் இருந்தனர். நானூறு டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களும் இருந்தனர். கண்களை மூடி ஓய்ந்திருக்கும் மனிதனுடைய தலையின் பின்புறத்தில் விநாடிக்கு 8 முதல் 13 தடவை வரை எழுந்து விழும் ஆல்ஃபா அலை, ஆரோக்கியமான எந்த மூளைக்கும் பொதுவானதென்று வைத்திய நூல்கள் நெடுங்காலமாகக் கூறிவந்திருக்க, 2017-இல் வெளியான இந்த ஆராய்ச்சியோ, வருமானமும் பிரயாணமும் தொலைபேசிப் பழக்கமும் குறைந்த மக்களிடம் அவ்வலை மிக மெல்லியதாக இருப்பதையும், வாழ்க்கை நவீனமாக ஆக ஆக அது ஓங்கி வளர்வதையும் எடுத்துக் காட்டியது.

மனோவியாதிகளைப் பற்றிய கட்டுரையை நோயே இல்லாத மனிதர்களின் மூளையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஆல்ஃபா அலை மெலிந்திருந்த அந்தக் கிராமத்தாரில் எவரும் அதன் காரணமாக நோயாளியாகிவிடவில்லை. அவர்கள் உழுதார்கள், களை பறித்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள், உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் மொய் எழுதினார்கள். ஆயினும் அவர்களுடைய பதிவை மட்டும் பெயர் குறிப்பிடாமல் தூரதேசத்து நிபுணர் ஒருவரிடம் காட்டியிருந்தால், அவர் அதில் ஏதோ கோளாறு இருப்பதாகச் சந்தேகித்திருக்கவும் கூடும். மூளையின் இயக்கம் நோய்க்கு நோய் எவ்வாறு மாறுபடுகிறது என்று விசாரிக்கப் புகுமுன், நோயில்லாத மூளைகளே தம்முள் எவ்வளவு மாறுபடுகின்றன என்பதை அறிந்துகொள்வது அவசியம். அதை அறிவதற்கு நம் மாநிலமே ஒரு சாட்சியாக நின்றிருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வல்லக்கோட்டையில் வாழ்கிறவர்களுக்கு அந்த ஆராய்ச்சியின் இரு முனைகளையும் காண 48 ஊர்களுக்குப் போகவேண்டியதில்லை. அருணகிரிநாதர் பாடிய முருகன் ஏழடி உயரத்தில் நிற்கும் இந்தத் தலத்தைச் சுற்றி, ஒரு தலைமுறைக்கு முன்பு வரை ஏரிப் பாசனமும் நெல்லும் மாடுகளுமே ஜீவனமாக இருந்தன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் செல்பேசித் தொழிற்சாலை வந்து 2014-இல் மூடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் வந்தது. பக்கத்திலுள்ள வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதி திறக்கப்பட்டது. ஏரிக்கரையில் வெயிலைப் பார்த்து நேரம் சொன்ன தாத்தாவும், இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் விடியற்காலையில் வீடு திரும்பும் பேத்தியும் ஒரே கூரையின் கீழ் வாழும் ஊர் இது. அவ்விருவருடைய மூளையும் ஒரே அளவுகோலுக்கு அடங்குமா என்ற கேள்வி, இந்தப் பக்கத்துக் குடும்பம் ஒன்றில் மனநோய் தலைகாட்டும்போது ஏட்டுக் கேள்வியாக இல்லாமல் வீட்டுக் கேள்வியாகிவிடுகிறது.

மூளையின் மின்னலையை முதன்முதலில் மனிதத் தலையிலிருந்து பதிவு செய்தவர் ஒரு மனநோய் வைத்தியர் என்பது பலர் அறியாத செய்தி. ஜெர்மனியில் ஜேனா நகரத்து ஆஸ்பத்திரியில் பணியாற்றிய ஹான்ஸ் பெர்கர், மனத்தின் சக்தி ஏதேனும் ஒரு பௌதிக வடிவத்தில் வெளிப்பட்டே தீரவேண்டும் என்ற நம்பிக்கையோடு பல வருஷங்கள் தனிமையில் உழைத்து, 1924-இல் முதற் பதிவைப் பெற்று, அதைத் தாமே நம்ப முடியாமல் திரும்பத் திரும்பச் சோதித்து, 1929-இல்தான் பிரசுரித்தார். சக வைத்தியர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் அதே அலையைத் தங்கள் தலையிலேயே காட்டிய பிறகே உலகம் ஒப்புக்கொண்டது. மனத்தின் துயரத்தைக் காகிதத்தில் கோடாக எழுதிக் காட்டலாம் என்ற பெர்கரின் ஆசை முழுதும் நிறைவேறவில்லை. ஆனால் அந்த ஆசையிலிருந்துதான் இன்று ஈ.ஈ.ஜி. என்று எல்லா ஊர்களிலும் வழங்கும் பரிசோதனை பிறந்தது.

அந்தப் பரிசோதனை எதைக் கேட்கிறது, எதைக் கேட்பதில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கிருத்திகை நாளில் வல்லக்கோட்டைக் கோயிலின் மதிலுக்கு வெளியே நிற்பவனுக்கு உள்ளே திரண்டிருக்கும் ஜனங்களின் ஆரவாரம் ஏறுவதும் இறங்குவதும் கேட்கும். எந்தத் தாய் எந்த வேண்டுதலைச் சொல்லி அழுகிறாள் என்பது கேட்காது. மண்டையோட்டின் மேல் ஒட்டிய உலோகத் தகடுகளும் அவ்வாறே லட்சக்கணக்கான நரம்பணுக்கள் சேர்ந்து எழுப்பும் ஒலியை மட்டுமே பெறுகின்றன. விநாடிக்கு 4-க்கும் குறைவாக எழும் டெல்டா அலை ஆழ்ந்த நித்திரைக்கு உரியது, 4 முதல் 8 வரை தீட்டா, அதற்குமேல் ஆல்ஃபா, 13 முதல் 30 வரை விழிப்பும் முயற்சியும் கூடிய பீட்டா, அதற்கும் மேலே காமா. ரத்த ஓட்டத்தின் மாறுதலைக் கொண்டு மூளையின் எந்தப் பகுதி அதிகம் உழைக்கிறது என்று படம் பிடிக்கும் முறை 1990-இல் செய்ஜி ஒகாவாவின் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்தது. அது இடத்தை நன்றாகக் காட்டும், ஆனால் காலத்தில் பின்தங்கும். அலைப் பதிவோ ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியையும் தவறவிடாது, ஆனால் இடத்தை மங்கலாகவே சொல்லும்.

நோய்களுள் மனச்சிதைவைப் பற்றியே அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். சொல்ல வேண்டியதும் அதைப் பற்றியே அதிகம். ஒரே மாதிரியான ஒலிகளைத் தொடர்ந்து கேட்கவைத்து நடுவில் வேறொரு ஒலியை எழுப்பினால், சுமார் 300 மில்லி விநாடி கழித்து மூளையில் ஓர் அலை எழுகிறது. புதியதொன்று வந்திருக்கிறது, கவனி என்று மூளை தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் தருணம் அது. மனச்சிதைவு உள்ளவர்களிடம் இந்த அலை சிறுத்திருப்பதை 1970-களின் தொடக்கத்திலேயே கண்டார்கள். கேட்பவர் புத்தகம் படித்துக்கொண்டோ படம் பார்த்துக்கொண்டோ இருந்து ஒலியைக் கவனிக்காதபோதும் மாறுபட்ட ஒலிக்கு மூளை தன்னியல்பாகக் காட்டும் வேறொரு மறுமொழி உண்டு. அதுவும் இவர்களிடம் குன்றியிருக்கிறது. விநாடிக்கு 40 முறை ஒலிக்கும் சப்தத்தோடு மூளை தானும் சேர்ந்து அதிரும் திறன் குறைந்திருப்பதை 1999-இல் காட்டினார்கள். இவையெல்லாம் நோயாளி சொல்லும் வார்த்தைகளைச் சாராத சான்றுகள். ‘அவன் வேண்டுமென்றே நடிக்கிறான்’, ‘வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம்’ என்று சொல்லும் உறவினர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேறில்லை.

காதில் குரல் கேட்பது என்னும் அந்த நோயின் கொடிய அநுபவத்துக்கு விஞ்ஞானிகள் கூறும் விளக்கம் சிந்திக்கத்தக்கது. நாம் வாய்திறந்து பேச முற்படும்போது, பேச்சை ஏவும் மூளைப் பகுதி, வரப்போகும் குரல் நம்முடையதே என்று கேட்கும் பகுதிக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. அதனால் கேட்கும் பகுதி தன் மறுமொழியைத் தணித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஜூடித் ஃபோர்டும் அவருடைய சகாக்களும் செய்த அலைப் பதிவுகளில், மனச்சிதைவு உள்ளவர்களிடம் இந்தத் தணிவு போதிய அளவு நிகழ்வதில்லை என்று தெரியவந்தது. 1993-இல் லண்டனில் எடுத்த படங்களிலோ, குரல் கேட்கும் அந்தக் கணத்தில் பேச்சை உண்டாக்கும் பிரோக்கா பகுதி சுறுசுறுப்படைந்திருப்பது காணப்பட்டது. தன் உள்ளத்தின் பேச்சையே தன்னுடையதென்று அடையாளம் காண இயலாமல், எவரோ தன்னை ஏசுகிறார், மிரட்டுகிறார் என்று ஒரு மனிதன் அஞ்சி நடுங்குவதற்கு இது ஒரு காரணமாகலாம். இன்னும் முற்றுப்பெறாத கருத்துத்தான் இது. ஆனாலும் பேய் பிடித்தது, செய்வினை வைத்தார்கள் என்று ஓடி அலைந்த குடும்பங்களுக்கு இந்தக் கருத்து எவ்வளவு பெரிய ஆறுதலை அளிக்கக்கூடும் என்பதை நினைக்கும்போது, இதை ஒவ்வொரு பஞ்சாயத்திலும் எளிய தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் மேலே சொன்ன 300 மில்லி விநாடி அலையின் கதை அங்கேயே முடியவில்லை. 1984-இல் ஹென்றி பெக்லைட்டர் என்பவர், குடிநோய்க்கு ஆளான தகப்பன்மாரின் பிள்ளைகளை, மதுவின் ருசியே அறியாத சிறுவர்களைப் பரிசோதித்தபோது, அவர்களிடமும் அதே அலை சிறுத்திருக்கக் கண்டார். பிற்காலத்தில் நினைவு மங்கும் முதுமை நோயிலும் மனச்சோர்விலும்கூட அது குன்றுவதைக் கண்டார்கள். ஆகவே அந்த அலை சிறுத்திருப்பது ஏதோ ஒரு பலவீனத்தின் அடையாளமாகுமே தவிர, எந்த நோய் என்பதை அது சொல்லாது. இந்த விஷயத்தின் மர்மமும் சங்கடமும் இங்கேதான் இருக்கின்றன.

மனச்சோர்வைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நெற்றிப் பகுதியின் உட்புறத்தில் 25 என்று எண்ணிட்ட சிறு பிரதேசம் ஆழ்ந்த சோர்வில் மிதமிஞ்சி உழைப்பதை ஹெலன் மேபெர்க் கண்டறிந்து, எந்த மருந்துக்கும் கட்டுப்படாத சிலருக்கு 2005-இல் அவ்விடத்தில் மெல்லிய மின்சாரம் செலுத்திப் பார்த்தார். சிலருக்கு நிவாரணம் கிடைத்தது, பின்னர் விரிவாகச் செய்த சோதனைகளில் அவ்வளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை. கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவது, பூட்டிய பூட்டையே இழுத்து இழுத்துப் பார்ப்பது முதலிய ஓ.சி.டி. என்னும் நோயில், நெற்றியின் அடிப்பாகத்துக்கும் மூளையின் நடுவே உள்ள காடேட் என்ற கருவுக்கும் இடையே ஓடும் சுற்று அடங்காமல் சுழல்கிறது. 1992-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பாக்ஸ்டர் என்னும் வைத்தியர் நோயாளிகளில் ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்குப் பேச்சும் பயிற்சியும் மட்டுமே அளித்தபோது, குணமடைந்த இரு சாராரிடமும் காடேட்டின் உழைப்பு ஒரே விதமாகத் தணிந்திருந்தது. நல்ல வார்த்தையும் முறையான பழக்கமும் மூளையின் போக்கையே மாற்றவல்லவை என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

குழந்தைகளின் விஷயம் வேறு. ஓரிடத்தில் அமராமலும் சொன்னதைக் கேளாமலும் திரியும் ஏ.டி.எச்.டி. குழந்தையின் மூளையில் மந்தமான தீட்டா அலை மிகுந்தும் விரைவான பீட்டா அலை குறைந்தும் இருப்பதாகப் பல ஆராய்ச்சிகள் சொல்லிவந்தன. அவ்விரண்டின் விகிதத்தை அளக்கும் கருவியொன்றை, வைத்தியருடைய தீர்ப்புக்குத் துணையாக வைத்துக்கொள்ள 2013-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. அதே வருஷத்தில் மார்ட்டின் ஆர்ன்ஸ் முதலானோர் அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்தார்கள். வருஷங்கள் செல்லச் செல்ல நோயுள்ள குழந்தைக்கும் நோயில்லாத குழந்தைக்கும் இடையேயான வித்தியாசம் தேய்ந்துகொண்டே வந்திருந்தது. காரணம், நோயில்லாத குழந்தைகளிடமே அந்த விகிதம் உயர்ந்துகொண்டு வந்ததுதான்! குழந்தைகள் முன்போல் உறங்குவதில்லை என்பது அதற்குக் காரணமாக இருக்கலாமென்று அவர்கள் அநுமானித்தார்கள். அந்த விகிதத்தை மட்டும் நம்பி நோயை நிர்ணயிக்கலாகாதென்று 2016-இல் அமெரிக்க நரம்பியல் கழகமும் அறிவித்தது. ஆரோக்கியத்தின் எல்லைக்கோடே நகர்ந்துகொண்டிருக்க, அதிலிருந்து நோயின் தூரத்தை எவ்வாறு அளப்பது?

இதைக் கேட்டுவிட்டு அந்தக் குழந்தைகளிடம் வித்தியாசமே இல்லையென்று எண்ணுவதும் தவறாகும். 2007-இல் பிலிப் ஷா என்பவர் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மூளையின் மேற்பட்டை தன் முழுத் தடிமனை எட்டும் வயது மற்றக் குழந்தைகளுக்குச் சுமார் 7.5, ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு 10.5. வளர்ச்சியின் பாதை ஒன்றுதான். சுமார் மூன்று வருஷம் தாமதித்து வருகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஆசிரியர் எதிர்பார்க்கும் பொறுமையை அந்தப் பிள்ளையின் மூளை இன்னும் தயாரித்து முடிக்கவில்லை என்பதை உணர்ந்தால், பிரம்பை எடுக்கும் கை தயங்கும்.

மதியிறுக்கம் என்று தமிழில் வழங்கும் ஆட்டிசத்தைப் பற்றிப் பேசும்போது, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து உலகப் புகழ் பெற்ற வி. எஸ். ராமச்சந்திரனை நினைக்காமல் இருக்க முடியாது. நாம் கையை அசைத்தாலும், எதிரே இருப்பவர் கையை அசைப்பதைப் பார்த்தாலும், மியூ என்னும் ஓர் அலை தணிவது வழக்கம். ராமச்சந்திரனும் லிண்ட்சே ஓபர்மனும் மற்றவர்களும் 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆட்டிசம் உள்ளவர்களிடம் தம் கையை அசைக்கும்போது அவ்வலை தணிந்தது. பிறர் கையைப் பார்க்கும்போது தணியவில்லை. பிறருடைய செயலைத் தன்னுள் பிரதிபலிக்கும் நரம்பணுக்களின் குறைவே ஆட்டிசத்தின் வேர் என்ற கருத்து இதிலிருந்து பெருகி, பத்திரிகைகளிலெல்லாம் பரவியது. கருத்தின் அழகு எவரையும் வசீகரிக்கும். ஆனால் அந்த ஆராய்ச்சியில் இருபக்கமும் பத்துப் பத்துப் பேரே இருந்தனர். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்களில் பலருக்கு அதே முடிவு கிட்டவில்லை. ராமச்சந்திரனின் மேதைமைக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. துணிந்து ஒரு வாயிலைத் தட்டிய பெருமை அவருக்கு உண்டு. அந்த வாயிலுக்குள்ளேதான் எல்லாம் இருக்கிறதென்று பெற்றோர்களுக்குச் சொல்லியவர்கள் வேறு பேர்.

ஆட்டிசத்தின் தொடக்கம் பிறப்புக்கும் முந்தையது என்பதில் இப்போது பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். அந்நிலையோடு தொடர்புள்ள ஜீன்கள் பல, கருவின் நடுமாதங்களில் மூளையின் மேற்பட்டை உருவாகும் கட்டத்தில் ஒருங்கே செயல்படுவதாக 2013-இல் ஆராய்ச்சிகள் தெரிவித்தன. கருவிலிருக்கும் அந்த நடுமாத மூளையை அணுவணுவாகப் படம்பிடித்து, 5,132 நுண்சீவல்களாகக் கணினியில் ஏற்றி, தரணி என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகம் முழுவதும் இலவசமாகக் காணும்படி வெளியிட்டது சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையம். மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் நடந்த அந்த மகத்தான காரியத்தில் பங்குகொண்டவற்றுள் ஒன்று, ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிற நெடுஞ்சாலையில் தண்டலத்தில் இருக்கும் சவீதா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. கார்களும் செல்பேசிகளும் மட்டுமே இந்தச் சாலையிலிருந்து உலகத்துக்குப் போகின்றன என்று எண்ணியிருப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். குழந்தை பிறந்து, வளர்ந்து, இரண்டு வயதில் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதபோது நாம் காணும் வித்தியாசத்துக்கு, எந்த மாதத்தில் எந்த அடுக்கில் விதை விழுந்தது என்று நாளைய ஆராய்ச்சியாளர்கள் தேடும்போது, இந்த வரைபடம் அவர்களுக்குத் திசை சொல்லும்.

இத்தனை நோய்களையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தவர்களும் நம்மிடையேதான் இருக்கிறார்கள். தொடக்கத்தில் சொன்ன தாரா தியாகராஜன், சென்னையில் சிறுகடன் நிறுவனமொன்றை நடத்திக்கொண்டே மூளை ஆராய்ச்சியில் ஈடுபட்டு, சேப்பியன் லேப்ஸ் என்ற அமைப்பை நிறுவியவர். அவரும் ஜெனிஃபர் நியூசனும் 184 ஆராய்ச்சிகளைத் திரட்டி, மனச்சோர்வு, இருதுருவ நோய், பதற்றம், பீதி நோய், அதிர்ச்சிக்குப் பிந்திய மனத்துன்பம், ஓ.சி.டி., மனச்சிதைவு, போதைக்கு அடிமையாதல், ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. ஆகிய பத்து நிலைகளிலும் ஓய்ந்திருக்கும் மூளையின் அலைகள் எப்படி இருக்கின்றன என்று ஒப்பிட்டு, 2019-இல் வெளியிட்டார்கள். மெதுவான அலைகள் மிகுவதும் விரைவான அலைகள் குறைவதுமாகிய ஒரே சாயல் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்களில் திரும்பத் திரும்பத் தென்பட்டது. ஒரே நோயை ஆராய்ந்த இரண்டு கூட்டத்தார் நேர்மாறான முடிவுகளுக்கு வந்திருப்பதும் தென்பட்டது. ஒருவர் கண்களை மூடச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார், மற்றவர் திறக்கச் சொல்லியிருக்கிறார். ஒருவர் மருந்து உட்கொள்பவர்களைச் சேர்த்திருக்கிறார், மற்றவர் விலக்கியிருக்கிறார். ஆல்ஃபா எங்கே முடிந்து பீட்டா எங்கே தொடங்குகிறது என்பதிலேயே ஒருமைப்பாடு இல்லை.

மூளையின் அமைப்பைப் படம்பிடித்தவர்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். 2015-இல் 193 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்ததில், மனச்சிதைவு முதல் பதற்றம் வரை ஆறு வகை நோய்களிலும் மூளையின் அதே மூன்று இடங்களில், முன்புற சிங்குலேட்டிலும் இருபக்கத்து இன்சுலாவிலும், திசு குறைந்திருந்தது. மனத்தை ஒருநிலைப்படுத்துவதும், எது முக்கியம் எது அல்ல என்று பிரிப்பதும் அந்த இடங்களின் தொழில். நோய்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் வைத்தியர்கள் நோயாளியோடு பேசி, பார்த்து, நூறு ஆண்டுகளாக வகுத்த பெயர்கள். மூளையோ அந்தப் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நோய்ப்படுவதில்லை. பெயர்கள் பயனற்றவை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. எந்த மருந்து யாருக்கு என்பதை இன்றளவும் அந்தப் பெயர்களே சொல்கின்றன. ஆனால் ஒரு பெயர் ஒரு மூளைக் குறி என்று ஒன்றுக்கொன்று பொருத்திவிடலாம் என்ற நம்பிக்கையைக் கைவிட்டே ஆகவேண்டும். இது என் திடமான அபிப்பிராயம்.

அந்த நம்பிக்கை மிஞ்சினால் என்ன நேரும் என்பதற்குச் சென்னையின் சரித்திரத்திலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. 1960-களிலும் 70-களிலும், அடங்காத மூர்க்கமும் ஓயாத துடிப்பும் உள்ள நோயாளிகளுக்கு, அவர்களில் குழந்தைகளும் உண்டு, அச்சத்தையும் ஆவேசத்தையும் எழுப்பும் அமிக்டலா என்ற பகுதியில் ஒரு பாகத்தை அழிக்கும் சத்திரசிகிச்சையைச் சென்னையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா முதலானோர் நூற்றுக்கணக்கில் செய்தார்கள். அவர்கள் பெரிய வைத்தியர்கள், கருணையினால்தான் செய்தார்கள், வீட்டில் கட்டிவைத்துப் பார்க்க முடியாத பிள்ளையைத் தோளில் சுமந்து வந்த தாய்தந்தையரின் கண்ணீரை நேரில் கண்டு செய்தார்கள். ஆயினும் குழந்தையின் துடிப்புக்கு மூளையில் ஒரு புள்ளியைக் குற்றவாளியாக்கி அதை அழிப்பது, இன்று நாம் அறிந்த அளவில் ஏற்கத்தக்கதாக இல்லை. 2017-ஆம் வருஷத்து மனநல பராமரிப்புச் சட்டம், நோயாளியின் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் இல்லாமல் மனநோய்க்காக மூளையில் சத்திரசிகிச்சை செய்வதைத் தடுக்கிறது.

அதே சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதையும் விலக்கியிருக்கிறது. தர்கா உள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் கொட்டகை தீப்பற்றி, சங்கிலியில் கட்டுண்டிருந்த 28 பேர் மாண்ட கொடுமையைத் தமிழர்கள் மறக்கலாகாது. அதற்காகக் கோயிலும் தர்காவும் கூடாதென்று சொல்வதும் எனக்குச் சம்மதமில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிலையத்து வைத்தியர்கள் தமிழ்நாட்டுக் கோயிலொன்றில் தங்கியிருந்த 31 நோயாளிகளைக் கவனித்து 2002-இல் எழுதிய ஆராய்ச்சியில், மருந்தில்லாமலேயே அவர்களுடைய நோய்க்குறிகள் ஐந்தில் ஒரு பங்கு தணிந்திருந்தன. அங்கே எவரும் அவர்களைக் கட்டவில்லை, துரத்தவில்லை. கோயிலில் சிறு சிறு வேலை கொடுத்து மனிதர்களாக நடத்தினார்கள். வல்லக்கோட்டை முருகனிடம் வேண்டிக்கொள்ளும் குடும்பம் தாராளமாக வேண்டிக்கொள்ளட்டும். திருநீற்றோடு மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கப்படட்டும் என்பதே என் விண்ணப்பம்.

இந்தத் தொழிற்பேட்டைப் பகுதிக்கென்றே அழுத்தமாகச் சொல்ல வேண்டியது நித்திரையைப் பற்றியது. ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என்று மாறி மாறி வேலை செய்யும் உடம்பு, எந்த நேரத்தில் டெல்டா அலையில் ஆழ்வது என்று அறியாமல் தவிக்கிறது. இருதுருவ நோய்க்கு இயல்பாகவே இலக்கான ஒருவருக்குத் தொடர்ந்த உறக்கமின்மை வெறிநிலையைக் கிளப்பிவிடும் என்பது வைத்தியர்கள் நன்கறிந்த உண்மை. உறக்கத்தின் இடையே மூளையில் எழும் சுழல் போன்ற சிறு அலைக்கொத்துகள் மனச்சிதைவு உள்ளவர்களிடம் குறைந்திருப்பதை 2007-இல் கண்டார்கள். இரவு வேலையே இந்நோய்களை உண்டாக்குகிறது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் விடுதி அறையில் சேர்ந்து தங்கும் இளம்பெண் பல நாளாகக் கண் மூடாமல், பேச்சு மிகுந்து, அல்லது பேச்சே அற்று இருந்தால், அவளுடைய தோழிகள் அதைச் சினிமாப் பைத்தியம் என்றோ காதல் விவகாரம் என்றோ தள்ளிவிடாமல், நித்திரை கெட்டதையே முதல் எச்சரிக்கையாகக் கொள்ளவேண்டும். மாலையில் விளக்கணைத்து உறங்கிய கிராமத்து மூளையிலிருந்து ஒரே தலைமுறையில் இந்த இரவுப் பகல் மூளைக்கு நாம் தாவியிருக்கிறோம். இந்தத் தாவலில் சராசரி மூளையின் அலை எவ்வாறு மாறியிருக்கிறது என்பதை அளப்பதற்கு ஒரகடத்தைவிடத் தகுந்த இடம் இந்தியாவில் அதிகமில்லை.

நகரங்களில் இப்போது ‘மூளை மேப்பிங்’ என்ற பெயரில் குழந்தையின் தலைக்கு வண்ணப்படம் எடுத்து, சிவப்பு இங்கே, நீலம் அங்கே என்று காட்டி, ஆட்டிசமா, கவனக்குறைவா, கற்றல் குறைபாடா என்று அதைக்கொண்டே நிர்ணயித்து, மாதக்கணக்கில் பயிற்சிக்குப் பணம் வாங்கும் வியாபாரம் பரவியிருக்கிறது. ஒரு நாள் சம்பளத்தை இழந்து வரும் தொழிலாளித் தகப்பன், படத்தின் வண்ணத்தில் மயங்கி நகையை அடகு வைப்பதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. ஈ.ஈ.ஜி. தேவைப்படும் இடம் உண்டு: ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் கணிசமானோருக்கு வலிப்பும் இருக்கும், பேசிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று பேச்சை இழந்தாலோ, கண் நிலைகுத்தி நின்றாலோ, அந்தப் பதிவு அவசியம் எடுக்கவேண்டும். வலிப்பைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. ஆட்டிசம் என்று பெயரிடுவது அதன் வேலையல்ல. அரசாங்கமே ஆட்டிசத்துக்குச் சான்றிதழ் வழங்கும்போது பயன்படுத்துவது, 40 கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிசம் அளவுகோலை. குழந்தை கண்ணைப் பார்க்கிறதா, தனியே விளையாடுகிறதா, சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்கிறதா என்று தாயிடம் கேட்டும் குழந்தையைப் பார்த்தும் நிரப்பும் கேள்விகள் அவை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 நிலைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் மனநோயும் இடம்பெற்றிருக்கின்றன. அச்சான்றிதழுக்கு வண்ணப்படம் எதையும் சட்டம் கேட்கவில்லை.

நோயின் பெயரைக் கேட்டவுடன் வாழ்வே முடிந்ததென்று இடிந்துபோகிறவர்களுக்கு, சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் முதன்முறையாக மனச்சிதைவுக்கு ஆளான 90 பேரை ஆர். தாராவும் அவருடைய சகாக்களும் பத்து, இருபது வருஷங்கள் விடாமல் பின்தொடர்ந்த ஆராய்ச்சியை எடுத்துச் சொல்லவேண்டும். அவர்களில் கணிசமானோர் நோயின் பிடியிலிருந்து மீண்டார்கள், வேலைக்குப் போனார்கள், மணந்து குடும்பம் நடத்தினார்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல வைத்தியரும், 1794-இல் தொடங்கிய சென்னை மனநோய் ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவருமான சாரதா மேனன், 1984-இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியதும் அந்த நம்பிக்கையோடுதான். 2021 டிசம்பரில் 98-ஆம் வயதில் மறையும் வரை அவர் அந்த நம்பிக்கையைத் தளரவிடவில்லை.

2015–16-இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில், வயது வந்தவர்களில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநோயோடு வாழ்வதாகத் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. வல்லக்கோட்டையிலிருந்தோ வல்லம் விடுதியிலிருந்தோ எந்த நேரத்திலும் 14416 என்ற எண்ணை அழைத்தால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வளர்ச்சி பின்தங்கும் குழந்தைகளுக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005-இல் நிறுவிய பல்வகைக் குறைபாட்டாளர் தேசிய நிறுவனமும் இருக்கின்றன. போகும்போது தாயார் கையில் எடுத்துச் செல்லவேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம்: எந்த மாதத்தில் பேச்சு வந்தது, எப்போது நின்றது, எத்தனை மணி உறங்குகிறது, எதைக் கண்டு அஞ்சுகிறது, வீட்டில் வேறு யாருக்கேனும் இப்படி இருந்ததா என்று தேதியோடு குறித்துவைத்தால், வைத்தியருடைய முதல் அரைமணி நேரம் வீணாகாது.